ஸ்பாட்டிங் ஸ்கோப்: இலக்குநோக்கி

நெடுந்தொலைவில் சுடப்பட்ட குண்டு எங்கே பட்டது என்பதைச் சுடுபவரின் அருகிலிருந்து பார்த்துச் சொல்பவர் பயன்படுத்தும், ஒற்றைக் கண்ணால் நோக்குவதற்கு உரிய சிறு தொலைநோக்கியே ஸ்பாட்டிங் ஸ்கோப் ஆகும். அமெரிக்க மலைப்பகுதிகளில் வேட்டையாடுவோர் இதை முதுகுப்பையில் சுமந்து செல்கின்றனர். இந்தியாவில் வேட்டையை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளதால், சென்னையில் இக்கருவி துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கும், பள்ளிக்கரணையில் நீர்ப்பறவைகளைப் பார்ப்பவர்களுக்கும் உரியதாக இருக்கிறது.

'ஸ்பாட்' என்னும் ஆங்கிலச் சொல் கறையையும் புள்ளியையும் குறித்து, பின்னர் வினையாகி, கண்டறிதல் என்னும் பொருளைப் பெற்றது. 'ஸ்கோப்' என்பதன் வேர் இன்னும் சுவையானது. கிரேக்க மொழியில் 'ஸ்கோபோஸ்' என்பது பார்ப்பவனையும் குறிக்கும். அவன் பார்க்கும் இலக்கையும் குறிக்கும். தமிழில் 'நோக்கு' என்னும் வேரும் அவ்வாறே பார்வையையும், 'நோக்கம்' என்று நீண்டு குறிக்கோளையும் சுட்டுகிறது. கலிலியோவின் கருவிக்கு 1611இல் சூட்டப்பட்ட 'டெலஸ்கோப்' என்னும் பெயரைத் தொலைநோக்கி என்று தமிழாக்கியவர்கள் மிகப் பொருத்தமான வேரையே எடுத்திருக்கிறார்கள்.

ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குக் 'கூர்நோக்கி' என்னும் பெயர் ஒலியளவில் அழகாக இருந்தாலும், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களைத் தங்கவைக்கும், புரசைவாக்கத்தில் உள்ள அரசினர் கூர்நோக்கு இல்லத்தை அறிந்த சென்னைவாசிக்கு அது வேறொன்றை நினைவூட்டும். 'குறிநோக்கி' என்றால் துப்பாக்கியின் மீது பொருத்திக் குறிபார்க்கும் கருவியோடு மயங்கும். ஆகவே, இலக்கையும் அதைச் சுற்றிய நிலத்தையும் பார்ப்பதற்கான இதனை 'இலக்குநோக்கி' என்பதே தகும் என்று கருதுகிறேன்.

எடை குறைந்த இலக்குநோக்கியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது முகப்பு வில்லையின் விட்டம். 80 மி.மீ. வில்லை 50 மி.மீ. வில்லையைப் போல இரண்டரை மடங்கு ஒளியைத் திரட்டும். ஆனால் கண்ணாடியின் கனத்தையும் சுமந்தாக வேண்டும். 50 மி.மீ. கருவிகள் பல ஒரு கிலோவுக்கும் குறைவானவை. பகலொளியில் குண்டு படும் இடத்தைப் பார்ப்பதற்கு அவையே போதும் என்பது என் துணிபு.

உருப்பெருக்கத்தில்தான் பலர் தவறான வழியில் செல்கின்றனர். 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கருவியை விரும்பி வாங்கினாலும், குண்டின் தடத்தைப் பார்க்க 15 முதல் 20 மடங்கே ஏற்றது. ஏனெனில், குண்டு விரைந்து செல்லும்போது காற்றில் எழும் கலக்கமே தடமாகத் தெரிகிறது, அதைப் பார்ப்பதற்கு அகன்ற காட்சிப்பரப்பு வேண்டும். பார்ப்பவர் சுடுபவருக்கு நேர் பின்னால், துப்பாக்கிக் குழலின் கோட்டிற்குச் சற்று மேலே கண்ணை வைத்தால் தடம் நன்கு புலப்படும். உருப்பெருக்கம் கூடக்கூடக் கானலின் நெளிவும் பெருகி உருவம் கலங்கும். ஆயினும், அந்த நெளிவு சாயும் திசையிலிருந்து காற்று எப்பக்கம் வீசுகிறது என்று கணிக்கலாம் என்பதால், தேர்ந்தவர்கள் கானலை வெறுப்பதில்லை; இலக்குக்குச் சற்று முன்னே குவியத்தை நிறுத்தி அதையே படிக்கின்றனர்.

எடையைக் கணக்கிடும்போது, கருவியைத் தாங்கும் முக்காலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உருப்பெருக்கத்தோடு கைநடுக்கமும் பெருகுமாதலால், முக்காலியைத் தவிர்த்து எடையைக் குறைக்க இயலாது.