பெங்களூரில் வீட்டுக் குப்பை: நான்காகப் பிரிப்பதும் மாதக் கட்டணமும்

2026 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்குமான புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 2016ஆம் ஆண்டு விதிகளின் இடத்தை இவை எடுத்துக்கொண்டன. வீட்டுக் குப்பையை இனி நான்கு வகையாகப் பிரித்துத் தர வேண்டும்: ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு (நாப்கின், டயப்பர் போன்றவை), தனிக்கவனம் தேவைப்படும் கழிவு.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் வாழும் நமக்கு இதில் பெரும்பகுதி புதிதல்ல. கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் இட்ட உத்தரவால் இங்கே 'இரண்டு தொட்டி, ஒரு பை' முறை வந்தது. பச்சைத் தொட்டியில் சமையலறைக் கழிவு, சிவப்புத் தொட்டியில் நாப்கினும் டயப்பரும், பையில் காகிதமும் பிளாஸ்டிக்கும். ஆனால் 2016ஆம் ஆண்டின் தேசிய விதியோ, பயன்படுத்திய நாப்கினைச் சுற்றி உலர் குப்பைத் தொட்டியிலேயே போடச் சொன்னது. பழைய செய்தித்தாளைத் தரம் பிரிக்கும் கையே அதையும் எடுத்துப் போட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். புதிய விதி அந்த அவலத்துக்கு முடிவு கட்டுகிறது. இதில் வந்த மாற்றங்களிலேயே மிக முக்கியமானது இதுதான் என்பேன்.

ஏனென்றால், நாம் ஆட்டோவில் போடும் உலர் குப்பையை இயந்திரம் பிரிப்பதில்லை. வார்டுகளில் உள்ள உலர் கழிவு சேகரிப்பு மையங்களில் மனிதர்கள் உட்கார்ந்து கையால் பிரிக்கிறார்கள். தெருவில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் பலர் இன்று அந்த மையங்களை நடத்துகிறார்கள். பிரித்து விற்பதுதான் அவர்களுடைய வருமானம். சாம்பார் ஒழுகிய அட்டைப்பெட்டிக்கு விலை கிடைக்காது. அது பக்கத்தில் இருக்கும் நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும். ஆகவே பால் பாக்கெட்டையும் பார்சல் டப்பாவையும் ஒரு முறை அலசி, காயவைத்துப் பையில் போடுங்கள். நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனியே கொடுங்கள்.

நான்காவது வகை, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு. காலாவதியான மருந்து, பல்பு, பெயின்ட் டப்பா, பாதரச வெப்பமானி ஆகியவை இதில் சேரும். இவற்றை அங்கீகாரம் பெற்ற அமைப்பிடமோ அதற்கென ஒதுக்கிய மையத்திலோ ஒப்படைக்க வேண்டும். தினமும் சேர்வதில்லை என்பதால் ஓர் அட்டைப்பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் சேர்த்துவைத்தால் போதும்.

கட்டணம் தனி விஷயம். 2025 ஏப்ரல் முதல் பெங்களூரில் குப்பைக் கட்டணம் சொத்து வரியோடு சேர்த்து வாங்கப்படுகிறது. குடியிருப்புக் கட்டடம் 600 சதுர அடி வரை இருந்தால் மாதம் 10 ரூபாய். 1,000 சதுர அடி வரை 50. 2,000 வரை 100. 3,000 வரை 150. 4,000 வரை 200. அதற்கு மேல் 400 ரூபாய். பணம் கட்டிவிட்டோம், பிரிப்பது குப்பை எடுப்பவர்கள் வேலை என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. பிரித்துக் கொடுக்கும் கடமை கட்டணத்தால் நீங்குவதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பொறுப்பு கூடுகிறது. தரைப்பரப்பு 20,000 சதுர மீட்டர், அல்லது நாளொன்றுக்கு 40,000 லிட்டர் தண்ணீர், அல்லது 100 கிலோ குப்பை: இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டினாலே அந்த வளாகம் பெருமளவு கழிவு உருவாக்குவோர் பட்டியலில் வந்துவிடும். ஈரக் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். உங்கள் சங்கம் இதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொத்து வரி வீட்டு உரிமையாளர் பெயரில்தான் வரும். குப்பைக்கென்று மாதாமாதம் அவர் தனியாகப் பணம் கேட்டால், வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள தொகையை மேலே சொன்ன அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.