ஆன்டிபயாடிக்: பவர் மாத்திரையா, பாக்டீரியா எதிர்ப்பியா?

மன்னார்குடிப் பக்கத்து மருந்துக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், "காய்ச்சலுக்குப் பவர் மாத்திரை இரண்டு கொடுங்கள்" என்று யாராவது கேட்பார்கள். கேட்பது பாக்டீரியாவை எதிர்க்கும் ஆன்டிபயாடிக். பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பவர் என்றதும் உடம்புக்குத் தெம்பு தருவது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இந்த மருந்து தெம்பு தராது. சளியையும் ஃப்ளூவையும் டெங்குவையும் தொடவே தொடாது, அவை வைரஸால் வருபவை.

கிரேக்கத்தில் 'ஆன்டி' என்றால் எதிர்; 'பயோஸ்' என்றால் வாழ்வு. ஓர் உயிர் இன்னோர் உயிரை ஒடுக்கி வாழ்வதைக் குறிக்க 1889இல் பிரெஞ்சு அறிவியலாளர் பால் வில்லெமின் 'ஆன்டிபயோஸ்' என்ற சொல்லைக் கையாண்டார். ஆன்டிபயாடிக் என்றால் ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றை அடக்கும் பொருள் என்ற அர்த்தத்தை 1940களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன் நிலைநிறுத்தினார். அவருடைய ஆய்வகத்தில் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்தது, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து. கோடை மழையின் முதல் தூறலில் நம் வயல்களில் எழும் மண்வாசனைக்கும் இந்த இனமே பெரிதும் காரணம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

தமிழில் பல பெயர்கள் உலவுகின்றன. 'எதிருயிரி' என்றால் மருந்தே ஓர் உயிர் போலத் தோன்றுகிறது. 'நுண்ணுயிர்க்கொல்லி' டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லியோடு பழகியவர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த வயலில் புகையான் பூச்சி அதற்கு மசியாமல் போவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, கிருமி மருந்துக்குப் பழகிவிடுவதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா ஆன்டிபயாடிக்கும் கிருமியைக் கொல்வதில்லை. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கிருமியின் பெருக்கத்தைத்தான் நிறுத்துகிறது. பரவலாக எழுதப்படும் 'நுண்ணுயிர் எதிர்ப்பி'யில் வைரஸும் பூஞ்சையும் அடங்கிவிடுகின்றன. சளிக்கும் கேட்கும் பழக்கத்துக்கு அது இடம் கொடுக்கிறது. நோயாளியின் கையில் போகும் சீட்டில் 'பாக்டீரியா எதிர்ப்பி' என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து. எதனை எதிர்ப்பது என்று பெயரே சொல்லிவிடும்.

என் அத்தை சம்பா நடவுக்குப் பிறகு எலிக்காய்ச்சலில் படுத்தார். சேற்றில் வேலை செய்பவர்களுக்கு வரும் பாக்டீரியா நோய் அது. மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதினார்: ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது, வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அத்தையும் மாத்திரையை விட்டார். மாடத்தில் விபூதிக் கிண்ணத்தருகே மீதி அட்டை இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி என்றதும் அதிலிருந்து ஒன்றை நல்ல மனதோடு எடுத்து நீட்டினார். நான் தடுத்தேன். சளிக்கு அது பயனற்றது. சிறு குழந்தைகளுக்கு அந்த மருந்து பல்லில் கறை உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவர்களே யோசித்துத்தான் எழுதுகிறார்கள். எழுதிய நாள்கள் முழுவதும் மாத்திரையைச் சாப்பிடாமல் பாதியில் நிறுத்தியது அத்தைக்கும் நல்லதில்லை. அன்று மாலையே மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

பெனிசிலின் போட்டு முன்பு தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் முதலில் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். மாடத்து அட்டையைத் திருப்பி அத்தையிடம் அந்தக் கோட்டைக் காட்டினேன். "இத்தனை நாளும் அழகுக்குப் போட்டது என்றல்லவா நினைத்தேன்" என்றார்.