ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு டியூப் எடுத்து வையுங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. பத்து மாதக் குழந்தை, ஹீமோகுளோபின் 4, அவசரமாக ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியது சரிதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஏற்றிய நாலாம் நாள் ரத்தம் எடுத்து, தலசீமியாவா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்) என்று பாருங்கள் என்று ஹெச்பிஎல்சி பரிசோதனைக்கு அனுப்பினால் ஆய்வகத்தில் நாங்கள் என்ன செய்ய?

நல்ல மெஷின்தானே, கண்டுபிடித்துவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கண்டுபிடிக்காது! ஹெச்பிஎல்சியோ எலக்ட்ரோபோரெசிஸோ, டியூபில் இருக்கும் ஹீமோகுளோபினை ஏ (பெரியவர்களிடம் இயல்பாக அதிகம் இருப்பது), ஏ2 (இயல்பாகவே கொஞ்சம் இருப்பது), எஃப் (கருவில் இருக்கும்போது அதிகம் இருப்பது), எஸ் (சிக்கிள் செல் நோயில் வருவது) என்று வகை பிரித்து எது எத்தனை சதவீதம் என்று சொல்லும், அவ்வளவுதான். யாருடையது என்று சொல்லாது. தானம் கொடுத்தவரின் ஏ-யும் குழந்தையின் ஏ-யும் ஒரே இடத்தில்தான் வரும். தீவிர பீட்டா தலசீமியா உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் எஃப்தான் இருக்கும், ஏ மிகக் குறைவு, சிலருக்குச் சுத்தமாகவே இருக்காது. ரத்தம் ஏற்றியதும் ஏ எகிறும், எஃப் இறங்கும், ரிப்போர்ட் பாதி நார்மல் மாதிரி நிற்கும். கொடுத்தவர் சிக்கிள் செல் கேரியராக (நோய் இல்லாமல், குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவராக) இருந்துவிட்டால், குழந்தைக்குச் சம்பந்தமே இல்லாத எஸ் கூட அதில் தலைகாட்டும்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது புத்தகத்தில் சரி. சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் தேவைப்படும் குழந்தையை எப்படிக் காக்க வைப்பது?

ஆகவே டாக்டர்களே, நர்ஸ்களே, ரத்தப் பையைத் தொங்கவிடும் முன் ஊதா மூடி டியூபில் 2 மில்லி எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. படிவத்தில் ரத்தம் ஏற்றிய தேதியை எழுதுங்கள். அதை மறைத்து எந்தப் பயனும் இல்லை.

ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டதா? அப்பா அம்மா இரண்டு பேரும் வந்து ரத்தம் கொடுங்கள். பீட்டா தலசீமியா கேரியருக்கு ஏ2 வழக்கமாக 4 சதவீதத்துக்கு மேல் போகும். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் அது சற்று இறங்கித் தெரியலாம், அதையும் சேர்த்துப் பார்ப்போம். "எங்களுக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கோம்" என்று தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள், கேரியர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடாதீர்கள். அடுத்த குழந்தைக்கு 11 வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து மரபணுப் பரிசோதனை செய்ய முடியும், அதற்குக் கர்ப்பம் தரிக்கும் முன்பே உங்கள் இருவரின் ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.