இ.சி.ஜி.யில் முதலில் பி அலையைத் தேடுங்கள்

மயங்கி விழுந்து எழுந்தவர்கள் பலர் கையோடு இ.சி.ஜி. தாளையும் கொண்டுவருகிறார்கள். அதன் மேல் ஓரத்தில் இயந்திரம் அச்சிட்ட 'நார்மல்' என்ற வரியைக் காட்டி, "இதயத்தில் ஒன்றுமில்லையே, டாக்டர்?" என்கிறார்கள். அந்த வரியை நான் கடைசியில்தான் படிப்பேன்.

துடிப்பின் தாளத்தை அறிய, தாளின் அடியில் நீளமாக ஓடும் இரண்டாம் லீடை (இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் கோடு) பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. மேலறைகளின் மின்தூண்டல் சிறு மேடாகத் தெரிவது பி அலை. அடுத்து வரும் கூரான கியூ.ஆர்.எஸ். கீழறைகளுடையது. பி தொடங்கும் இடத்திலிருந்து கியூ.ஆர்.எஸ். தொடங்கும் இடம் வரையிலான பி.ஆர். இடைவெளி 3 முதல் 5 சிறு கட்டங்கள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் ஒவ்வொரு பி-க்கும் ஒரு கியூ.ஆர்.எஸ். வந்துகொண்டிருந்தால் அது முதல் நிலை அடைப்பு (இரத்தக் குழாய் அடைப்பல்ல; மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் செல்வதில் ஏற்படும் தடை), பெரும்பாலும் அவசரமில்லை.

துடிப்பு விடுபட்டால்தான் கவனம் கூட வேண்டும். பி.ஆர். 5, 8, 9 கட்டங்கள் என நீண்டுகொண்டே போய் ஒரு கியூ.ஆர்.எஸ். விடுபட்டால் வென்கெபாக் வகை. உறங்கும் விளையாட்டு வீரரிடம்கூட இதைப் பார்க்கலாம். பி.ஆர். இம்மியும் மாறாமல் இருந்து, திடீரென ஒரு பி மட்டும் துணையின்றி நின்றால் மோபிட்ஸ் இரண்டாம் வகை. பார்வைக்குச் சாதுவான இதுதான் சொல்லாமல் கொள்ளாமல் முழு அடைப்பாக, அதாவது மேலறைத் தூண்டல் எதுவும் கீழறைக்குப் போய்ச் சேராத நிலையாக, மாறக்கூடியது. பேஸ்மேக்கர் பற்றி அப்போதே பேசிவிட வேண்டும்.

முழு அடைப்பைப் பிடிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அதன் ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு பி அலைகளைக் குறித்து, தாளின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். பி அலைகள் தம்பாட்டுக்குச் சீராகப் போகும்; கியூ.ஆர்.எஸ். தன்பாட்டுக்கு மெதுவாக வரும். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. குறி ஒரு டி அலையின் (கியூ.ஆர்.எஸ்.-க்குப் பின் வரும் மேடு) மேல் விழுந்தால், அந்த டி மட்டும் மற்றவற்றைவிடக் கூர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு பி ஒளிந்திருக்கும். அடைப்பு எதுவானாலும் நோயாளியின் மாத்திரைப் பையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரோ டிகாக்சினோ காரணமாக இருக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் பார்த்துவிட வேண்டும்.

பி அலையே இல்லாமல், கியூ.ஆர்.எஸ். இடைவெளிகளும் ஒழுங்கின்றி இருந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்கும் நிலை. கை நடுக்கத்தால் அடிக்கோடு நெளிந்தாலும் இயந்திரம் இப்படிச் சொல்லிவிடுவதுண்டு. மெய்யாகவே இருந்தால் பக்கவாத அபாயம் உண்டு; இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

தாளில் பதிவாவது ஏறத்தாழ 10 விநாடி மட்டுமே. மயங்கியவரின் தாள் சுத்தமாக இருந்தால் இ.சி.ஜி.யைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரமாவது அணிவிக்கிறோம். சில மாதங்களுக்கு ஒருமுறை மயங்குபவருக்கு அதுவும் போதாது. தோலுக்கடியில் பொருத்தி நெடுநாள் துடிப்பைக் கண்காணிக்கும் லூப் ரெக்கார்டர்தான் வழி.