கல்லை ஏற்றினால் கலப்பை இறங்காது

பழைய கலப்பை மண்ணைப் பிடிக்காமல் மேலாகச் சீய்த்துக்கொண்டு போனால், முதலில் தோன்றுகிற வைத்தியம் அதன் மேல் பாரம் ஏற்றுவதுதான். கல்லை வைத்துக் கட்டுவார்கள், மணல் மூட்டையைப் போடுவார்கள், சில இடங்களில் ஆளையே உட்கார வைத்துவிடுவார்கள். (கடைசியாகச் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம், ஆபத்து.) பாரம் ஏறியதும் கலப்பை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் இழுக்கிற மாடோ டிராக்டரோ திணறும். பாரத்தை எடுத்ததும் கலப்பை மறுபடி மேலே வந்துவிடும்.

மரக்கலப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். உழவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து போவார், எடை அவ்வளவுதான். அந்தக் கலப்பை 10 செ.மீ. ஆழத்துக்குச் சிரமமில்லாமல் இறங்கி உழுகிறது. அப்படியென்றால் இறக்குவது எடை இல்லை, மண்ணை வெட்டும் இரும்பு முனையான கொழுவின் மூக்கு.

இதை இரும்பு இறகுக் கலப்பையில் தெளிவாகப் பார்க்கலாம். மண்ணைப் புரட்டிப் போடுவதற்காக வளைந்த தகடு வைத்த கலப்பை அது. அதைச் சிமெண்டுத் தரையில் நேராக நிறுத்தி, அடியில் எட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கலப்பையின் அடிப்பக்கம் முழுவதும் தரையைத் தொடாது. முன்னால் கொழுமுனை தொடும், பின்னால், உழாத நிலத்தின் ஓரமாக உரசிப் போகும் பக்கத்தகட்டின் வால்பகுதி தொடும், இரண்டுக்கும் நடுவில் 3 முதல் 5 மி.மீ. வரை சந்து தெரியும். கொழுமுனை ஒரு நூல் கீழே பார்த்து நிற்பதால் வருகிற சந்து அது. கலப்பை நகரும்போது அந்த மூக்கு எப்போதும் கீழ்நோக்கியே வழி தேடுகிறது. வெட்டப்பட்ட மண் கொழுவின் சரிவில் ஏறும்போது தன் பாரத்தால் அதைக் கீழே அழுத்தவும் செய்கிறது. தச்சரின் இழைப்புளியில் உளி அடிக்கட்டையை விட முடியளவு வெளியே நீட்டியிருந்தால்தான் மரம் சீவப்படும். உள்ளே போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். கலப்பையிலும் அதே கணக்குதான்.

பக்கவாட்டிலும் இப்படி ஒரு சந்து உண்டு, சுமார் 5 மி.மீ. கொழுமுனை உழாத நிலத்தின் பக்கம் சற்றே திரும்பியிருக்கும். அது இல்லாவிட்டால் கலப்பை ஏற்கெனவே உழுத சாலுக்குள் சரிந்து சரிந்து விழும், உழவு குறுகிக்கொண்டே போகும்.

பழைய கலப்பையில் தேய்ந்து காணாமல் போவது இந்தச் சில மில்லிமீட்டர்தான். மணலில் இருக்கிற குவார்ட்சு சாதாரண எஃகை விடக் கடினமானது. அதனால் உழவு என்பது ஒரு வகையில் கொழுவைச் சாணை பிடிப்பதும்தான். முதலில் மூக்கின் அடிப்பக்கம் உருண்டையாகும், அப்புறம் சந்து மறையும். அதற்கும் மேல் தேய்ந்தால் மூக்கு மேல்நோக்கிச் சரிந்துவிடும். அப்போது மண் அதைக் கீழே இழுக்காமல் மேலே தள்ளும். அந்த நிலைக்கு வந்த கலப்பையின் மேல்தான் நாம் கல்லை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

சோதிக்க ஒரு நேரான இரும்புப் பட்டை போதும். கலப்பையைச் சாய்த்துப் படுக்கவைத்து, பட்டையைக் கொழுமுனையிலிருந்து வால்வரை அடியில் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரியவில்லை என்றால் கொழு பட்டறைக்குப் போக வேண்டும். வால்பகுதியையும் பார்த்துவிடுவது நல்லது. அதுவும் தேயும், புதுக் கொழு போட்டும் கலப்பை ஆடுகிறது என்றால் பல நேரம் குற்றவாளி அதுதான்.

பட்டறைக்குப் போகுமுன் கொழு எஃகா வார்ப்பிரும்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாணைக்கல்லில் லேசாக வைத்தால் எஃகிலிருந்து நீளமான, பிரகாசமான பொறி பறக்கும். வார்ப்பிரும்பில் பொறி மங்கலாகச் சிவந்து, குட்டையாக அடங்கிவிடும். வார்ப்பிரும்பைச் சம்மட்டியால் அடித்து நீட்ட முடியாது, உடைந்துவிடும். அதை மாற்றத்தான் வேண்டும். அதற்காக வார்ப்புக் கொழுவை மட்டம் என்று நினைக்கக் கூடாது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊரில் ராபர்ட் ரான்சம் என்பவர் 1803-இல் ஒரு கொழுவுக்குக் காப்புரிமை பெற்றார். வார்க்கும்போது அதன் அடிப்பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்து இறுகும்படி செய்திருந்தார். மேல்பக்கம் மெதுவாக ஆறியதால் மென்மையாக இருந்தது. உழ உழ மென்மையான பக்கம் முதலில் தேயும், கடினமான அடிவிளிம்பு கூர்மையாகவே நிற்கும். தேய்மானத்தையே சாணையாக மாற்றிய அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எஃகுக் கொழு என்றால் கொல்லர் அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, முனையை அடித்து நீட்டி, கீழ்நோக்கிய சாய்வை மீட்டுக் கொடுப்பார். பிறகு முனையை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார். முழுவதையும் தோய்த்தால் கொழு மொத்தமும் இறுகி, கல்லில் மோதும்போது ஒடிந்துவிடும். முனை கடினமாகவும் உடல் அடி தாங்குவதாகவும் இருக்க வேண்டும். இப்போது பலர் லாரி ஸ்பிரிங் பட்டையில் துண்டு வெட்டி முனையில் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். நல்ல எஃகுதான், ஆனால் அதில் கார்பன் அதிகம். குளிர்ந்த நிலையிலேயே வெல்டிங் வைத்து, உடனே தண்ணீரை ஊற்றினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். முதலில் சூடேற்றி, முடிந்ததும் மெதுவாக ஆறவிட்டால் நிற்கும்.

கொழு சரியானாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி இழுப்பில் இருக்கிறது. மரக்கலப்பையில், கலப்பையிலிருந்து முன்னால் நீளும் ஏர்க்காலை மாட்டின் கழுத்தில் கிடக்கும் நுகத்தடியோடு எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பது ஆழத்தைத் தீர்மானிக்கிறது. மாட்டின் கழுத்து உயரம் மாறப் போவதில்லை. கட்டு கலப்பையை விட்டுத் தள்ளிப் போனால் ஏர்க்கால் படுக்கும், மூக்கு கீழே பார்க்கும், ஆழம் கூடும். கட்டைக் கலப்பையின் பக்கம் கொண்டுவந்தால் ஏர்க்கால் நிமிரும், மூக்கும் நிமிரும், உழவு மேலாகும். உயரமான ஜோடியைப் பூட்டினால் அதே கலப்பை ஆழம் குறைந்து உழுவதும் இதனால்தான். சங்கிலியால் இழுக்கப்படும் இரும்புக் கலப்பையில் இதற்கென்று முன்னால் வரிசையாகத் துளைகள் இருக்கும். கொக்கியை மேல் துளையில் மாட்டினால் ஆழம், கீழ்த் துளையில் மாட்டினால் மேலுழவு. பக்கவாட்டில் நகர்த்தினால் கலப்பை எதிர்ப்பக்கம் ஓடும். முதலில் குழப்பும், ஒரு சால் ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்.

எவ்வளவு ஆழம் வைக்கலாம்? இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். களி கலந்த மண்ணில், வெட்டுகிற ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்புக்கும் சுமார் அரை கிலோ இழுவிசை தேவை. 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் என்றால் 150 சதுர செ.மீ., அதாவது 75 கிலோ. மாடு தொடர்ந்து இழுக்கக்கூடியது தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ மாடுகள் இரண்டு சேர்ந்தால் 80 கிலோ, அதாவது தேவைக்கு மேல் ஒரு பிடிதான். ஆழத்தைக் கூட்டினால் அகலத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்ற பழமொழி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தற்செயல் இல்லை, ஏர்மாட்டுக்கு இரண்டையும் தர முடியாது. மழுங்கிய கொழு இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்கும்.

இறகின் மேல் பிடித்த துருவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. துருப்பிடித்த பரப்பில் ஈரமண் ஒட்டும், ஒட்டிய மண்ணின் மேல் அடுத்த மண் ஒட்டும். கடைசியில் இரும்பின் மேல் வழுக்க வேண்டிய மண், மண்ணின் மேலேயே உரசிக்கொண்டு போகும். சாலும் சரியாகப் புரளாது. கரிசலில் இது பெரிய தொல்லை. அமெரிக்காவின் இல்லினாய் புல்வெளிகளில் குடியேறியவர்களும் இதே தொல்லையில் மாட்டி, சால் நடுவிலேயே நின்று நின்று கலப்பையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் அங்கே ஓர் உடைந்த ரம்பத்தின் எஃகை எடுத்து, பளபளப்பான கலப்பை செய்து அதைத் தீர்த்தார். நம்மிடம் இருக்கிற பழைய இறகை எமரித் தாளால் தேய்த்து, முதலில் மணற்பாங்கான நிலத்தில் நாலு சால் ஓட்டினால் போதும், மண்ணே பாலிஷ் போட்டுவிடும். உழவு முடிந்ததும் கழுவித் துடைத்துப் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசி வைத்தால் அடுத்த பட்டத்துக்கு இந்த வேலை மிச்சம்.

டிராக்டரில் மாட்டும் கலப்பைக்கும் இதே விதிதான், கருவிதான் வேறு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் 1920-களில் உருவாக்கிய, கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு இன்று ஏறக்குறைய எல்லா டிராக்டரிலும் இருக்கிறது. மேலே இருக்கிற டாப் லிங்கைத் திருகிக் குட்டையாக்கினால் மூக்கு கீழே போகும், நீட்டினால் வால் இறங்கும். இரண்டு கொழுக் கலப்பையில் முன் கொழு ஆழமாகவும் பின் கொழு மேலாகவும் உழுதால் டாப் லிங்க் அதிகம் குட்டையாகிவிட்டது என்று பொருள். ஒரு பக்கச் சக்கரம் சாலுக்குள் ஓடுவதால் கலப்பை சாய்ந்து நிற்கும். அதை வலது பக்கத் தூக்குத் தண்டைத் திருகிச் சமன் செய்ய வேண்டும். இதைத் தரையில் நிறுத்திச் செய்தால் சரிவராது, சக்கரம் சாலில் இறங்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. சட்டிக் கலப்பைக்கு மூக்கு கிடையாது, வட்டத் தகடு உருண்டுகொண்டே வெட்டுகிறது. அது இறங்குவது பெரும்பாலும் எடையால்தான். அதைக் கனமாகச் செய்வதும், இறுகிய தரையில் அதன் சட்டத்தில் பாரம் சேர்ப்பதும் சரியான வேலையே.

வயலில் சோதிக்கும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு முழுச் சால் ஓட்டி, குச்சியால் ஆழத்தை நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்ட வேண்டும். உருண்டை நின்று, கீழே போட்டதும் உதிர்ந்தால் உழவுக்குப் பதம். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் நிலம் காய்ந்து கிடக்கிறது. அந்த நாளில் புதுக் கொழுவே பிடிக்காது, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மழைக்கோ மடைத் தண்ணீருக்கோ காத்திருக்கலாம்.