ஸ்கேட் சக்கரத்தில் இரண்டு எண்கள், இரண்டாவதையும் படியுங்கள்

நன்றாக உருண்டுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அடிக்கடி வழுக்கி விழுகிறது என்றால், பயம் என்பார்கள், கவனக்குறைவு என்பார்கள். பயிற்சியாளராக நான் முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்தைத்தான். பெரும்பாலும் காரணம் அங்கேயே தென்பட்டுவிடும்.

சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட்டில், சக்கரத்தின் பக்கவாட்டில் ‘80 மி.மீ. 84ஏ’ என்பதுபோல் அச்சிட்டிருக்கும். முதல் எண் விட்டம். அதை எல்லோரும் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். இரண்டாவது எண் கடினத்தன்மை. இதை யாரும் கேட்பதில்லை. விழுவதற்கும் விழாமலிருப்பதற்கும் இதற்குத்தான் அதிகத் தொடர்பு.

எண் கூடக்கூடச் சக்கரம் கெட்டியாகும். மெருகேற்றிய உள்ளரங்கத் தரையில் கெட்டிச் சக்கரம் பிடிமானம் தராது. காலைப் பக்கவாட்டில் தள்ளும்போதே வழுக்கும். உள்ளரங்க ஹாக்கி ஆடுபவர்கள் 74ஏ முதல் 78ஏ வரையிலான மென்மையான சக்கரங்களைத் தேடுவது இதனால்தான். அதே சக்கரத்தைச் சொரசொரப்பான சாலையில் ஓட்டினால் விரைவில் தேய்ந்து உதிரும். சாலைக்கு 82ஏ முதல் 85ஏ வரை பொருந்தும். உடல் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு பெரியவரின் எடையில் சற்றே அமுங்கித் தரையைப் பற்றும் சக்கரம், மெலிந்த சிறுவனின் காலடியில் கல்லாக நிற்கும். பெரியவர்களுக்கென்று வந்த சக்கரத்தைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவது சிக்கனம் அல்ல.

எந்த எண்ணுமே இல்லாத சக்கரத்தை நான் நம்புவதில்லை. நல்ல சக்கரங்கள் பாலியூரித்தேனால் ஆனவை. மலிவான சிறுவர் ஸ்கேட்டுகள் சிலவற்றில் பிவிசி இருக்கும். அது பளபளப்பாக, பிளாஸ்டிக்போல் இருக்கும்; ஓடும்போது கடகடக்கும்; பிடிமானம் மிகக் குறைவு. ஒளிரும் சக்கரம் என்பதால் மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. விளக்கு குற்றவாளி அல்ல, மூலப்பொருள் என்ன என்று கேளுங்கள்.

விட்டத்துக்கு வருவோம். கற்றுக்கொள்ளும் பெரியவர்களுக்கு 76 முதல் 80 மி.மீ. போதும். 110, 125 மி.மீ. சக்கரங்கள் எடுத்த வேகத்தை இழக்காமல் ஓடும், சிறு பிளவுகளை எளிதில் தாண்டும். ஆனால் பாதத்தைத் தரையிலிருந்து உயர்த்திவிடுவதால் கணுக்கால் தள்ளாடும். வேகம் பிடிக்கவும் திரும்பவும் கூடுதல் உழைப்பு வேண்டும். ஒழுங்காக நிற்கத் தெரியாதவர் இவற்றைக் கேட்டு வந்தால் மறுத்துவிடுகிறேன். தவிர, சக்கரங்களைப் பிடித்திருக்கும் சட்டமான ஃபிரேம் எந்த அளவு வரை தாங்கும் என்று பார்க்காமல் பெரிய சக்கரம் வாங்கினால், அது ஃபிரேமிலோ பக்கத்துச் சக்கரத்திலோ உரசும்.

சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்கில் ஏபெக் (ABEC) என்ற தர எண் உயர்ந்தால் வேகம் கூடும் என்று நம்பிச் செலவழிப்பவர்கள் நிறைய. அந்த எண் சொல்வது தயாரிப்பின் துல்லியத்தை மட்டுமே. புதிய சக்கரத்துக்கு மாறும்போது இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவிலுள்ள ஸ்பேசரைப் பழைய சக்கரத்திலேயே விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் போல்ட்டை முடுக்கினால் சக்கரம் இறுகிப்போகும்.

சக்கரத்தின் உட்பக்க விளிம்புதான் முதலில் தேயும். நான்கு சக்கர ஸ்கேட்டில் ஒன்றையும் மூன்றையும், இரண்டையும் நான்கையும் இடம் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போடுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் புதிதாக மாட்டினால் அது மற்றவற்றைவிட உயர்ந்து நின்று ஸ்கேட்டை ஆட்டிவிடும். கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் ஸ்லாலம் ஆடுபவர்கள் முன்னும் பின்னும் சிறிய சக்கரம் போடுவது தெரிந்தே செய்வது. கற்றுக்கொள்பவர்களுக்கு அது வேண்டாம்.

குதிகால் பிரேக்கை மறந்துவிடக் கூடாது. முன்னிருந்ததைவிடப் பெரிய சக்கரம் மாட்டினால் பிரேக் கட்டை தரையிலிருந்து விலகும். முன்பாதத்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூக்கினால்தான் அது தரையைத் தொடும். சக்கரம் மாற்றிய அன்று சரிவான பாதைக்குப் போகாமல், சமதளத்தில் மெதுவாகச் சென்று நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள்.