கடை மூடிய பிறகும் நடக்கும் உற்பத்தி

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 56. சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போனவரிடம் நர்ஸ் எடை பார்த்துவிட்டு, எந்த வயதில் பூப்பெய்தினீர்கள், முதல் பிள்ளை எப்போது, எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள் என்று அடுக்கினாராம். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றதும் இவர் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிட்டார். "மாதவிலக்கு நின்று எட்டு வருடம் ஆகிறது. இனி அந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்கிறார்.

கணக்கு எளிது. ஒவ்வொரு மாதச் சுழற்சியிலும் ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண்மை ஹார்மோன்கள் மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன. பெருகும்போது டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். படியெடுத்தால் பிழை விழும். பிழைகள் சேர்ந்தால் புற்றாகலாம். சீக்கிரம் பூப்பெய்தி, தாமதமாக நின்றால் சுழற்சிகள் கூடும். பாலூட்டல் ஆபத்தைக் குறைக்கும்: 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை 2002இல் தொகுத்தபோது, பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 சதவீதம் குறைவு தெரிந்தது.

சரி, மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜனும் நின்றுவிடுமே? அதுதான் இல்லை. சினைப்பை கடையை மூடிய பிறகும், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஆண்வகை ஹார்மோனை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கொழுப்புத் திசுவில் அதற்காகக் காத்திருக்கிறது அரோமட்டேஸ் என்ற நொதி. வந்த மூலக்கூறில் இருப்பவை 19 கார்பன்கள். நொதி மூன்று படிகளில், படிக்கொரு ஆக்சிஜன் மூலக்கூறைச் செலவிட்டு, ஒரே ஒரு கார்பனைக் கிள்ளி எறிகிறது. மிச்சம் 18. ஆண்வகை ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனாகிவிட்டது! ஒரு கார்பன்தான் வித்தியாசம் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

கொழுப்பு கூடினால் உற்பத்தி கூடும். மார்பகமே பெரும்பாலும் கொழுப்புதான். பட்டறையும் வாடிக்கையாளரும் ஒரே தெருவில். அதனால் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் வற்றிய வயதிலும் மார்பகத் திசுவில் அது பன்மடங்கு இருக்கும். மார்பகப் புற்றுக்குத் தரும் லெட்ரோசோல் மாத்திரை அடைப்பது இந்த நொதியைத்தான். ஆக, வாசகி குறைசொல்லாத அந்த எடை மெஷின்தான் அவர் வயதுக்கு மிகப் பொருத்தமான கேள்வியைக் கேட்டிருக்கிறது.

'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை' என்பதும் தைரியம் தராது. பரம்பரை மரபணுவால் வருவது 5 முதல் 10 சதவீதமே. கட்டி தட்டுப்பட்டால் 'பால் கட்டி' என்று பற்றுப் போட்டு மாதங்களைக் கடத்துவதைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததால் யாரும் நம்புவதில்லை. சுகாதாரப் பணிப் பெண்கள் வீட்டுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் பக்கத்துக் கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பெரிய மெஷின்களுக்குக் கேட்கும் நிதியில் கொஞ்சத்தை, வீடு தேடி வரும் அந்தப் பெண்களின் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகிக்கு: அடுத்த மாத்திரை வாங்கப் போகும்போது அந்த நர்ஸிடமே போங்கள். கையால் தொட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும்.